உவர் நிலமும் மண் நுண்ணங்கிகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடனீரேரிகளை அடுத்துள்ள வயல்களில், மழை குறைந்த ஆண்டிலே நெற்பயிர் இலைநுனி கருகித் திட்டுத்திட்டாக அழிதலைக் கமக்காரர் நன்கறிவர். அளவுக்கு மிஞ்சி இறைக்கப்படும் கிணறுகளின் நீரும் உவராகி வெங்காயத்தைக் கெடுக்கும். இத்தகைய நிலத்திற் பயிருக்குத் துணைநிற்கும் நுண்ணங்கிகளைப் பேணும் முறை கீழே கூறப்படுகின்றது.

உப்பினால் விளையும் கேடு

மண்ணீரில் உப்பு மிகுந்தால், நிலம் ஈரமாயிருந்தும் வேர் நீரை உறிஞ்சமாட்டாது. சோடியம் வேரினுட் புகுந்து பொற்றாசியத்தின் இடத்தைக் கவரும். கார நிலத்திலோ அது களித்துணிக்கைகளைப் பிரித்து மண்ணை இறுகச் செய்யும். இத்துன்பங்களாற் பயிரினுள் எதிலீன் என்னும் வாயு மிகுதியாக உண்டாகி, வேர் வளர்ச்சியைத் தடுக்கும்.

நுண்ணங்கிகள் செய்யும் உதவி

1. வேரைச் சூழ்ந்து வாழும் சில பற்றீரியங்கள், எதிலீனுக்கு மூலமான பொருளை வேரிலிருந்து பெற்று உணவாக்கிக்கொள்கின்றன. எதிலீன் குறைய, வேர் தொடர்ந்து வளரும்.

2. வேறு சில, பசைபோன்ற பொருளைச் சுரக்கின்றன. அது சோடியத்தின் ஒரு பகுதியைப் பற்றிவைப்பதுடன், மண்துணிக்கைகளையும் ஒன்றுசேர்க்கும்.

3. வேர்ப்பங்கசின் நுண்ணிழைகள், வேர் எட்டாத இடத்திலிருந்தும் நீரையும் பொசுபரசையும் கொணரும். மேட்டுநில மரக்கறிப் பயிர்களுக்கு இவ்வுதவி பெரிது. நீர் நிறைந்த வயலிற் குறைவு.

கமக்காரர் செய்யவேண்டியவை

சேதனப் பொருளே நுண்ணங்கிகளின் உணவு. ஆதலின் வைக்கோலை எரித்தல் ஆகாது. அதனைக் கூட்டெருவாக்கி நிலத்துக்கு இடல் வேண்டும். தக்கைப்பூண்டு ஓரளவு உவரைத் தாங்கும். அதனை விதைத்து, ஏறக்குறைய 45 நாளில், பூக்குமுன் மடக்கி உழுதல் நன்று. அதன் வேர்முடிச்சுக்களில் வாழும் பற்றீரியங்களால் நைதரசன் சேரும். தழை உக்கும்போது வெளிப்படும் காபனீரொட்சைட்டு, மண்ணிலுள்ள சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். அதிலிருந்து வரும் கல்சியம் களியிலுள்ள சோடியத்தைப் பெயர்க்கும். பொசுபேற்றுப் பசளை மிகுந்தால் வேர்ப்பங்கசு குன்றும். மண் பரிசோதனைப்படி அளவறிந்து இடுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியது

நுண்ணங்கிகள் பயிருக்குத் தாங்கும் வலிமையைத் தருமேயன்றி, உப்பை நிலத்தைவிட்டு அகற்றா. மாரி மழைநீரை வரம்பு கட்டித் தேக்கி, உப்பைக் கரைத்து, வடிகால் வழியே வெளியேற்றுதலே அதற்குரிய வழி. வடிகால் இல்லாத நிலத்துக்கு நுண்ணங்கி உரம் வாங்குதல் வீண்செலவாகும். நெல் நாற்றுப்பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவருக்கு மிக அஞ்சும். ஆதலின் அப்பருவங்களில் நன்னீர் கிடைக்குமாறு விதைப்புக் காலத்தைத் தெரிவு செய்து, ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனங்களை விதைத்தல் வேண்டும். நுண்ணங்கி உரத்தை முதலில் ஒரு பாத்தியில் மட்டும் இட்டு, இடாத பாத்தியுடன் விளைவை ஒப்பிட்டறிந்த பின்னரே முழுநிலத்துக்கும் இடுதல் அறிவுடைமையாகும்.