ஒரே நேரத்தைச் சொல்லும் நவ்()

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் நெடுநேரம் ஓடும் ஒரு வேலை. ஒவ்வொரு படி முடிந்ததும் நவ்() போட்டு நேரம் பதிகிறேன். எல்லாப் படிகளுக்கும் மைக்ரோசெகண்ட் மாறாமல் ஒரே நேரம் விழுகிறது. சர்வர் கடிகாரம் கெட்டுவிட்டதா?

பதில்: கடிகாரம் நன்றாகத்தான் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் நவ்() தருவது, நடப்பு டிரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரத்தை. அது முடியும்வரை எத்தனை முறை கேட்டாலும் அதே விடைதான். கரன்ட்_டைம்ஸ்டாம்ப்பும் அங்கே அப்படியே. வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடும்கூட. ஒரு பில்லும் அதிலுள்ள சரக்கு விவரங்களும் ஒன்றாகப் பதிவாகும்போது எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் இருந்தால்தான் பின்னால் கணக்குப் பார்ப்பவர் குழம்பமாட்டார்.

உங்கள் தேவை வேறு. படிக்குப் படி எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க கிளாக்_டைம்ஸ்டாம்ப்() இருக்கிறது. அழைத்த அந்தக் கணத்தின் நேரத்தை அது தரும்.

மற்ற டேட்டாபேஸ்களில் இது வேறுபடும். மைஎஸ்க்யூஎல்லில் நவ்() என்பது அந்தக் கட்டளை தொடங்கிய நேரம். சிஸ்டேட்()தான் அந்தந்தக் கணத்தைச் சொல்லும். எஸ்க்யூலைட்டிலோ கரன்ட்_டைம்ஸ்டாம்ப் யூடிசி நேரத்தைத் தரும், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

உங்கள் ஸ்கிரிப்டில் நவ்() வரும் இடங்களில் மட்டும் கிளாக்_டைம்ஸ்டாம்ப்() என மாற்றி ஓட்டிப் பாருங்கள்.