காட்டின் மணமும் வானத்து மேகமும்

யூகலிப்டஸ் இலை ஒன்றைக் கசக்கி முகர்ந்து பார்த்திருக்கிறோம். அந்த மணம் என்பது இலையிலிருந்து பிரிந்து காற்றில் கலந்த ஆவியே. அது பின்னர் எங்கே போகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு மேற்கே, யூகலிப்டஸ் காடுகள் அடர்ந்த 'நீல மலைகள்' உள்ளன. தொலைவிலிருந்து நோக்கினால் அவற்றின்மீது நீலப்புகை படர்ந்தாற்போல் தோன்றும். காடு தீப்பற்றாதபோதும் இக்காட்சி உண்டு. இத்தகைய நீல மங்கலுக்குச் செடிகள் வெளியிடும் ஆவிகளே காரணம் என்று 1960-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் வென்ட் என்னும் தாவரவியல் அறிஞர் எழுதினார்.

இது எவ்வாறு நிகழ்கிறது? பைன் மரத்தின் மணத்தில் பைனீன் என்னும் ஆவி உண்டு. அதன் மூலக்கூறு காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து ஆக்சிஜனை ஏற்கிறது. ஆக்சிஜன் ஏற ஏற அது கனத்து, ஆவியாக நிற்கும் தன்மையை இழக்கிறது. அத்தகைய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நுண்துகள் பிறக்கிறது. அப்போது அதன் குறுக்களவு 1 அல்லது 2 நானோமீட்டரே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர்! மேலும் ஆவிகள் படியப் படியத் துகள் வளர்கிறது. சூரிய ஒளியில் நீல நிறத்தை மிகுதியாகச் சிதறச் செய்து, மலைக்கு நீலப் போர்வை தருகிறது. 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர்ந்தால், நீராவி அதன்மீது படிந்து மேகத்துளியாகிறது. ஆகவே இத்துகள்கள் மேகத்தின் வித்துகள்.

புதிய துகள் பிறக்கக் கந்தக அமிலம் தேவை என்றே நெடுநாள் கருதப்பட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வெளிவரும் வாயுவிலிருந்து அது பெருமளவில் உண்டாகிறது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், 26 கன மீட்டர் கொண்ட எஃகுக் கலத்தினுள் தூய காற்றில் பைனீனையும் ஓசோனையும் கலந்து சோதித்தனர். கந்தக அமிலம் இன்றியே துகள்கள் பிறந்தன! இம்முடிவு 2016-இல் வெளியாயிற்று.

இதனால் நாம் அறிவது என்ன? ஆலைகள் தோன்றுமுன்னரும் காடுகள் மேகத்திற்கு வித்திட்டிருக்கக் கூடும். மனிதன் எழுப்பிய புகை வானத்தை எவ்வளவு மாற்றியது என்று கணக்கிட, அதற்கு முந்தைய வானத்தை அறிந்தாக வேண்டுமல்லவா?

அப்படியானால் மரமும் காற்றை மாசுபடுத்துகிறதா என்று சிலர் கேட்கலாம். நகரங்களில் வாகனப் புகையுடன் மரத்தின் ஆவி வெயிலில் கலந்து, தரையருகே தீய ஓசோன் உண்டாவது மெய்யே. ஆனால் நாம் குறைக்க வேண்டியது புகையையே அன்றி மரத்தை அன்று. இனி இலையை முகரும்போது, ஒரு மேகத்தின் தொடக்கம் நம் கையில் இருப்பதை நினைவிற்கொள்வோம்.