பைட்டுக்கு டைப் தெரியாது

அன்புள்ள தங்கைக்கு,

வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு ஈதீரிய மெயின்நெட்டில் ஓடும் ஸ்மார்ட் கான்ட்ராக்டைத் தொடும் பொறுப்பு உன் கைக்கு வந்திருக்கிறது. "என்கோடிங்கை லைப்ரரியே பார்த்துக்கொள்கிறதே அக்கா, அதை ஏன் தனியாகப் படிக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். உன்னைப் போல இந்த வேலைக்கு வரும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது என்பதால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

லைப்ரரி பார்த்துக்கொள்ளும், உண்மைதான். நீ சொன்ன டைப்புக்கு ஏற்ப பைட்டுகளைப் பிசகாமல் அடுக்கும். நீ சொன்ன டைப்பே தவறாக இருந்தால் அந்தத் தவறையும் பிசகாமல் அடுக்கும். கான்ட்ராக்டுக்குப் போய்ச் சேருவது வெறும் பைட்டுகள். இது முகவரி, இது தொகை என்ற அடையாளம் எதுவும் அவற்றில் இருக்காது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே டைப்பை மனதில் வைத்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது. அந்த நம்பிக்கை சரிதானா என்று பார்ப்பது உன் வேலை.

ஈதீரியத்தில் 25 யூஎஸ்டிசி அனுப்புவதை எடுத்துக்கொள். ஃபங்ஷன் டிரான்ஸ்ஃபர். ஆர்க்யுமென்ட் இரண்டு: அட்ரஸ் ஒன்று, யூஇன்ட்256 ஒன்று. ஃபங்ஷன் பெயரையும் அடைப்புக்குள் டைப்புகளையும் இடைவெளி விடாமல் எழுதி, கெச்சாக்-256 ஹேஷ் எடுத்து, முதல் 4 பைட்டை வெட்டிக்கொண்டால் ஏ9059சிபிபி. இதுதான் செலக்டர். ஈஆர்சி-20 டோக்கன் எதுவானாலும் டிரான்ஸ்ஃபருக்கு இதேதான். கொஞ்ச நாளில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். அடுத்த 32 பைட்டில் முதல் 12 சுழியம், பிறகு 20 பைட் முகவரி. அதற்கடுத்த 32 பைட் தொகை. யூஎஸ்டிசிக்குத் தசம இடம் 6 என்பதால் 25 என்பது 2,50,00,000 ஆகும். ஹெக்ஸில் 17டி7840, முன்னால் மிச்ச இடமெல்லாம் சுழியம். மொத்தம் 68 பைட். இதை ஒருமுறை தாளில் பேனாவால் எழுதிப் பார். கை எழுதியதைக் கண் மறக்காது.

ஹேஷ் எடுக்கும் அந்த டைப் வரிசையில் யூஇன்ட் என்று சுருக்கினால், கான்ட்ராக்ட் எழுதும் சாலிடிட்டி மொழி ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஹேஷ் வேறாகிவிடும். 256-ஐச் சேர்த்தே எழுத வேண்டும். செலக்டர் தவறினால் கால் தோற்றுத்தானே போகும், என்ன கெட்டுவிடும் என்று நினைக்காதே. தெரியாத செலக்டர் வந்தால் ஃபால்பேக்குக்குத் தள்ளிவிடும் கான்ட்ராக்டுகள் உண்டு. ஈதரை டோக்கனாக்கும் பழைய வெத் கான்ட்ராக்ட் அப்படிப்பட்ட காலை டெபாசிட்டாக எடுத்துக்கொண்டு வெற்றி என்றே பதில் தரும்.

தசம இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். யூஎஸ்டிசிக்குப் பழக்க தோஷத்தில் 18 போட்டுவிட்டாய் என்று வை. 25 டாலர் 25 லட்சம் கோடி டாலராகும். டிரான்ஸ்ஃபர் என்றால் இருப்பு போதாமல் ரிவர்ட் ஆகும், தப்பித்தாய். அப்ரூவ் என்றால் ரிவர்ட் ஆகாது. அவ்வளவையும் எடுத்துக்கொள்ள இன்னொருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பச்சை டிக் காட்டி நிற்கும். டோக்கன் பெயரை வைத்து 6, 18 என்று ஊகிக்கவும் கூடாது. யூஎஸ்டிடிக்கு ஈதீரியத்தில் 6 இடம், பிஎன்பி செயினில் 18. கான்ட்ராக்டையே கேள், டெசிமல்ஸ் ஃபங்ஷன் அதற்குத்தான் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண நம்பரிலும் தொகையைத் தொடாதே. அது பிசகில்லாமல் எண்ணும் எல்லை 9,00,71,99,25,47,40,991. ஒரு ஈதர் என்றால் 1-க்குப் பின் 18 சுழியம் போட்ட அளவு வெய் என்பதால், ஈதரில் 0.01 தொடும் முன்பே அந்த எல்லை முடிந்துவிடுகிறது. தொகை உள்ளே வரும்போது ஸ்ட்ரிங், உள்ளே வந்தபின் பிக்இன்ட். நடுவில் ஃப்ளோட்டுக்கு இடமே இல்லை.

ஸ்ட்ரிங்குக்கு வருவோம். நீ தமிழில் பெயர் பதியும் கான்ட்ராக்ட் எழுதப்போவதாகச் சொன்னதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். அட்ரஸ் ஒன்று, ஸ்ட்ரிங் ஒன்று வாங்கும் ஃபங்ஷனுக்கு 'வணக்கம்' என்று அனுப்புகிறாய். முதல் 32 பைட் முகவரி. இரண்டாவது 32 பைட்டில் ஸ்ட்ரிங் வராது. அது எங்கே தொடங்குகிறது என்ற ஆஃப்செட் வரும். இங்கே அது 64. எண்ணத் தொடங்கும் இடம் ஆர்க்யுமென்ட் பகுதியின் தொடக்கம். செலக்டரின் 4 பைட்டைச் சேர்த்து எண்ணிக் குழம்பாதவர் குறைவு. அந்த 64-ஆவது இடத்தில் நீளம், பிறகு எழுத்து. நீளம் எவ்வளவு? நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 7 என்னும், புள்ளிகளையும் தனியாக எண்ணுவதால். கான்ட்ராக்டுக்குப் போக வேண்டியது 21. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். அந்த 21 பைட்டுக்கு வலப்பக்கம் 11 சுழியம் சேர்ந்து 32 ஆகும்.

எண்ணுக்கு இடப்பக்கம் சுழியம், ஸ்ட்ரிங்குக்கு வலப்பக்கம் என்பதையும் மனதில் வை. பைட்ஸ்32 போன்றவற்றுக்கும் வலப்பக்கம்தான். கேஸ் மிச்சப்படும் என்று ஊர்ப் பெயரை பைட்ஸ்32-இல் வைக்கலாமா என்று கேட்டாய். தஞ்சாவூர் 27 பைட், அடங்கும். திருநெல்வேலி 36 பைட், அடங்காது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்து டெஸ்ட் எழுதினால் இது கண்ணில் படவே படாது.

பைட்டுக்கு டைப் தெரியாது என்பதன் விலையை 2021 ஆகஸ்டில், செயின்களுக்கு இடையே டோக்கன்களை மாற்றித்தரும் பாலி நெட்வொர்க் கண்டது. அதன் கிராஸ்-செயின் கான்ட்ராக்ட், வெளியிலிருந்து வரும் ஃபங்ஷன் பெயரோடு பைட்ஸ், பைட்ஸ், யூஇன்ட்64 என்ற டைப்புகளைச் சேர்த்து ஹேஷ் எடுத்து, அந்தச் செலக்டரை அப்படியே கூப்பிட்டது. செலக்டர் 4 பைட்தான். சுமார் 429 கோடி வாய்ப்புகள். அதைச் சல்லடை போட்டுத் தேடுவது கணினிக்குப் பெரிய வேலை இல்லை. தாக்கியவர் எஃப்1121318093 என்ற பொருளற்ற பெயரைத் தேடி எடுத்தார். அதன் செலக்டரும், பரிமாற்றங்களை அனுமதிக்கும் காவல் சாவிகளை மாற்றும் உள் ஃபங்ஷனின் செலக்டரும் ஒன்று. அந்த ஃபங்ஷன் வாங்குவது ஒரே ஒரு பைட்ஸ். வந்ததோ மூன்று ஆர்க்யுமென்ட். டிகோடர் முதலாவதை எடுத்துக்கொண்டது, மிச்சத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. 60 கோடி டாலருக்கு மேல் வெளியேறியது. பெரும்பகுதி பின்னர் திரும்பி வந்தது என்றாலும், வெளியார் தரும் சொல்லிலிருந்து செலக்டர் செய்யும் கோடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

2025 பிப்ரவரி 21-இல் பைபிட் எக்ஸ்சேஞ்சில் நடந்தது இன்னொரு வகை. அவர்கள் வைத்திருந்த, பலர் கையெழுத்திடும் சேஃப் வாலட்டின் பரிவர்த்தனையில் ஆபரேஷன் என்றொரு ஆர்க்யுமென்ட் உண்டு: 0 என்றால் கால், 1 என்றால் டெலிகேட்கால், அதாவது இன்னொரு கான்ட்ராக்டின் கோடை வாலட்டின் சொந்த ஸ்டோரேஜின் மீதே ஓட்டுவது. கையெழுத்திட்டவர்களின் திரையில் வழக்கமான பரிமாற்றம் தெரிந்தது. அவர்கள் உண்மையில் கையெழுத்திட்ட பைட்டுகளில் அந்த இடத்தில் 1 இருந்தது. உள்ளே இருந்த கால்டேட்டாவும் ஏ9059சிபிபி என்றே தொடங்கியது. ஆனால் அது போய்ச் சேர்ந்தது டோக்கனிடம் இல்லை, டிரான்ஸ்ஃபர் என்று பெயர் வைத்து வாலட்டின் முதல் ஸ்டோரேஜ் இடத்தையே மாற்றி எழுதும் கான்ட்ராக்டிடம். ஏறக்குறைய 150 கோடி டாலர் போனது. கையெழுத்துக்கு வரும் பைட்டுகளைத் திரைக்கு வெளியே, வேறொரு கணினியில் டிகோட் செய்து பார்க்காமல் நீ எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, தங்கை. யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாலிடிட்டிக்குள்ளிருந்து இன்னொரு கான்ட்ராக்டைக் கூப்பிடும்போது என்கோட்வித்சிக்னேச்சரை விட்டுவிடு. அது உன் ஆர்க்யுமென்ட்டின் டைப்பைச் சரிபார்ப்பதே இல்லை. 0.8.11 பதிப்பிலிருந்து என்கோட்கால் இருக்கிறது, அது சரிபார்க்கும். என்கோட்பேக்ட் செய்து ஹேஷ் எடுக்கும் இடங்களில், அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரிங் வந்தால் நிறுத்திவிட்டு யோசி: 'அ', 'ஆஇ' என்ற இரண்டும் 'அஆ', 'இ' என்ற இரண்டும் அங்கே ஒரே பைட்டுகள். டைப்ஸ்கிரிப்ட் பக்கம் வியம் லைப்ரரி, கான்ட்ராக்டின் ஃபங்ஷன்களையும் டைப்புகளையும் பட்டியலிடும் ஏபிஐ கோப்பிலிருந்தே டைப்பைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கோப்பு செயினில் உள்ள கான்ட்ராக்டுக்கு உரியதுதானா என்பதை மட்டும் நீ பார்த்துக்கொள். என்கோட், டிகோட் செய்து பார்க்க ஃபவுண்ட்ரியின் காஸ்ட் எப்போதும் டெர்மினலில் திறந்தே இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். ஸ்ட்ரிங் அரே ஒன்றை மட்டும் வாங்கும் ஃபங்ஷனுக்கு தஞ்சாவூர், திருநெல்வேலி இரண்டையும் கையால் என்கோட் செய். உள்ளே இருக்கும் ஆஃப்செட்டுகள் எந்த இடத்திலிருந்து எண்ணப்படுகின்றன என்பதில்தான் முதலில் தடுக்கும். செலக்டரோடு சேர்த்து 292 பைட் வர வேண்டும். வந்த பிறகு காஸ்டில் ஓட்டி ஒப்பிடு, எங்கே மாறியது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா