மூக்கில் மோதாத சக்கரம்



உன் மாதிரி ரயிலில் எஞ்சின் அசல் போலவே இருக்கிறது, பாதை மட்டும் பொம்மை போலத் தெரிகிறதே, ஏன் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் இதே கேள்வியைக் கேட்டவர்கள் பலர், அதற்குப் பதிலாகத் தண்டவாளத்தைக் கையாலேயே கட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு எஞ்சினைப் போலப் பாதையும் ஒரு மாதிரிப் படைப்புதான். எஞ்சினுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு துளிகூட அதற்குக் குறையக் கூடாது. எனக்கும் அதுதான் கருத்து.

உன்னிடம் இருப்பது பிரிட்டனில் பரவலான டபுள்-ஓ வகை. நிஜத்தில் 1 அடி என்றால் மாதிரியில் 4 மி.மீ. பிரிட்டனின் தண்டவாளங்களுக்கு இடையே 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி மாதிரியில் 18.83 மி.மீ. வர வேண்டும். உன் பாதையை அளந்து பார், 16.5 தான் இருக்கும். ஐரோப்பாவின் ஹெச்.ஓ. வகைக்கு அடிக்கு 3.5 மி.மீ. என்ற கணக்கில் 16.5 சரியான அகலம். ஆனால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உடல் சிறுத்தவை. அந்த அளவில் செய்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் 4 மி.மீ. கணக்குக்குப் பெரிதாக்கி, பாதையை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938இல் ஹார்ன்பி டப்ளோ வந்தபோது அந்த ஏற்பாடு ஊன்றிவிட்டது. 16.5 மி.மீ. என்பது நிஜத்தில் 4 அடி 1½ அங்குலம். அகலத்தில் 7 அங்குலம் காணாமல் போயிருக்கிறது. எஞ்சினை முன்னால் இருந்து பார்க்கும்போது உன் கண்ணை உறுத்துவது இதுதான்.

இன்னும் உண்டு. கடைப் பாதையில் நெடுங்காலம் புழங்கிவந்த ‘கோட் 100’ தண்டவாளத்தின் உயரம் 0.1 அங்குலம், அதாவது 2.54 மி.மீ. அதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் ஏழரை அங்குலத்துக்கும் மேலே போகும். நீராவிக் காலத்தில் பிரிட்டனில் போட்ட 95 பவுண்டு புல்ஹெட் தண்டவாளம் 6 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு; மாதிரியில் 1.9 மி.மீ., அதுதான் ‘கோட் 75’. ஸ்லீப்பர் கட்டைகளும் அப்படியே. நிஜக் கட்டையின் நீளம் 8½ அடி, அகலம் 10 அங்குலம். 60 அடித் தண்டவாளத்துக்கு ஏறத்தாழ 24 கட்டைகள். மாதிரியில் 34 மி.மீ. நீளம், 3.3 மி.மீ. அகலம், பத்து மில்லிமீட்டருக்கு ஒன்று. வழக்கமான கடைப் பாதையிலோ அவை ஹெச்.ஓ.வுக்கு ஏற்றபடி குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர்கள் இரண்டு வழிகளில் போனார்கள். ஒரு கூட்டம் அகலத்தை 18 மி.மீ.க்குக் கொண்டுவந்தது. பிறகு அது 18.2 ஆனது. இதுவே ஈ.எம். கேஜ்; 1955இல் அதற்கென ஒரு சங்கமும் அமைந்தது. இன்னொரு கூட்டம் எதிலும் சமரசம் வேண்டாம் என்று 18.83ஐயே பிடித்துக்கொண்டு, சக்கர விளிம்பையும் கணக்குப்படி சிறுக்கச் செய்து, 1966இல் புரோட்டோஃபோர் என்ற அளவுமுறையை வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர் தொடங்கியது. 1930களின் கிராமப்புறத்தை வீடு, வயல், வேலி என்று 4 மி.மீ. கணக்கில் அங்கே படைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே ஓடும் ரயில்களுக்கு ஈ.எம். பாதைதான்.

நீயும் ஈ.எம்.மில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கைக்கு அடங்கும், கண்ணுக்கும் நிறைவாக இருக்கும்.

நேர்ப்பாதை கட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வித்தை எல்லாம் பாயிண்ட்ஸில்தான். அது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். பிறகு அரத்தை எடுக்கலாம். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அசையும் இரண்டு நாக்குகள் இருக்கும். வண்டி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அவை தீர்மானிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் சற்றுத் தள்ளி இருக்கிறது. பிரிந்த பாதைகளின் உள்தண்டவாளங்கள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம்தான் கிராஸிங். அங்கே ‘வி’ வடிவில் ஒரு மூக்கு. அதன் இரு பக்கமும் வளைந்து விலகும் சிறகுத் தண்டவாளங்கள். மூக்குக்கும் சிறகுக்கும் நடுவே சக்கரத்தின் உள்விளிம்பு புகுந்து போக இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியைத் தாண்டும் கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு வழிகாட்ட எதுவுமே கிடையாது. அது மூக்கில் மோதலாம், தப்பான பக்கம் புகுந்தும் போகலாம்.

அதைக் காப்பாற்றுவது அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் சக்கரம். அந்தப் பக்கத் தண்டவாளத்தை ஒட்டி உள்ளே ஒரு துண்டுத் தண்டவாளம் போட்டிருப்பார்கள். அதுதான் செக் ரெயில். அது மறுபக்கச் சக்கரத்தை முதுகுப்புறமாகப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். அச்சு முழுவதும் மூக்கிலிருந்து ஒரு நூல் விலகி நிற்கும்.

இப்போது எண்களைப் பார். ஈ.எம்.மில் பாதை அகலம் 18.2 மி.மீ., செக் ரெயில் இடைவெளி 1 மி.மீ. ஆகவே செக் ரெயிலின் பிடிக்கும் முகத்திலிருந்து மூக்கின் ஓடும் முகம் வரை 17.2. இரு சக்கரங்களின் முதுகுகளுக்கு இடையே 16.5, அதோடு ஒரு விளிம்பின் தடிமன் ஏறக்குறைய 0.5 சேர்த்தால் 17.0. 17.0 என்பது 17.2க்குள் அடங்கிவிட்டது, மூக்கில் மோதாது. அடுத்து, செக் ரெயிலின் முகத்திலிருந்து சிறகின் முகம் வரை 18.2இலிருந்து இரண்டு இடைவெளிகளைக் கழித்தால் 16.2. சக்கர முதுகுகளுக்கு நடுவே 16.5 இருப்பதால் இரண்டுக்கும் இடையில் இறுகிக்கொள்ளாது. 0.2, 0.3 மி.மீ. என்ற இந்த இரண்டு மீதங்களுக்குள்தான் மொத்த சூட்சுமமும். பாயிண்ட்ஸில் வண்டி தடம் புரண்டால் பலரும் மூக்கைத்தான் அராவப் போவார்கள். பெரும்பாலும் குற்றம் எதிர்ப்பக்கச் செக் ரெயிலிலோ, சக்கரங்கள் அச்சில் தள்ளி உட்கார்ந்திருப்பதிலோ இருக்கும். முதலில் சக்கர முதுகை அள.

கட்டும் முறைகள் சில உண்டு. மெல்லிய பிளைவுட் கட்டையில் துளையிட்டுப் பித்தளை ரிவெட் அடித்து, அதன் மேல் தண்டவாளத்தைப் பற்றவைப்பது ஜோ புரூக் ஸ்மித் வழி. பிளைவுட் கட்டையில் தண்டவாளத்தைத் தாங்கும் ‘சேர்’களைப் பிளாஸ்டிக்கில் வாங்கி ஒட்டித் தண்டவாளத்தை அவற்றில் செருகுவது இன்னொன்று. அழகில் அதற்கு இணை கிடையாது. கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் சேருக்கு இரண்டு போல்ட், எல்.என்.இ.ஆர். ரயில் கம்பெனியின் சேருக்கு மூன்று என்ற வேறுபாட்டைக்கூட அதில் காட்டலாம். ஆனால் முதல் முறையாகக் கட்டுகிறவனுக்குச் செப்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டுக் கட்டைதான் நல்லது. தப்பாக வைத்தாலும் சூட்டுக்கோலைத் தொட்டால் ஈயம் இளகும், நகர்த்திக்கொள்ளலாம். ஒட்டிய பிளாஸ்டிக்கில் அந்தச் சலுகை இல்லை.

மார்ட்டின் வின் எழுதிய டெம்பிளாட் என்ற கணினி நிரலில் உனக்கு வேண்டிய பாயிண்ட்ஸின் முழு அளவு வரைபடத்தை அச்செடுக்கலாம். 1க்கு 6 கிராஸிங் எடுத்துக்கொள். வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, அதன் மேல் கட்டைகளை இருபக்கப் பசைநாடாவால் நிறுத்து. ஒவ்வொரு கட்டையின் செப்பையும் நடுவில் அரத்தால் கீறிப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரு தண்டவாளங்களுக்கும் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றையும் இப்போதே சோதித்துவிடு. எல்லாம் கட்டி முடித்த பிறகு எந்தக் கட்டையில் செப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுவதைப் போலச் சலிப்பான வேலை வேறில்லை.

முதலில் மூக்கு. ஒரு மரத்துண்டில் 60 மி.மீ. நீளக் கோடு போட்டு, ஒரு முனையில் செங்குத்தாக 10 மி.மீ. விலகல் குறித்து, அதை மறுமுனையோடு இணைத்தால் 1க்கு 6 கோணம் கிடைக்கும். இரண்டு தண்டவாளத் துண்டுகளின் நுனியை அந்தக் கோணத்துக்குச் சரிவாக அராவி, சேர்த்துப் பற்றவை. நுனியை ஊசிபோல் விடாதே. நிஜத்திலும் அது சற்று மழுங்கித்தான் இருக்கும். மூக்கின் மேல்முகத்தில் ஈயம் திரளாமல் துடைத்துவிடு.

மூக்கை வரைபடத்தில் அதன் இடத்தில் பற்றவைத்த பிறகு வெளிப்பக்க ஸ்டாக் ரெயில்களைக் கேஜ் வைத்து நிறுத்து. வளையும் பாதைக்கு மூன்று கால் கேஜ் என்று ஒன்று உண்டு. அதன் இரண்டு கால்களை வளைவின் வெளித் தண்டவாளத்தில் வைத்து, ஒற்றைக் காலை உள்தண்டவாளத்தில் வை. வளைவுக்கு ஏற்ப அகலம் தானாகவே ஒரு மயிரளவு கூடும். நீண்ட எஞ்சின்கள் இறுகாமல் திரும்புவதற்கு அது வேண்டும். மாற்றி வைத்தால் அகலம் குறைந்துவிடும், கவனம்.

சிறகுகளின் முழங்கை வளைவில் அவசரப்படாதே. ஓர் எஃகு அளவுகோலை மூக்கின் ஓடும் முகத்தோடு ஒட்டி முன்னால் நீட்டிப் பார். அதே கோட்டில் சிறகின் முன்பகுதி வர வேண்டும், இரு பக்கமும். இது சரியாக அமைந்தால் வண்டி கிராஸிங்கைத் தாண்டும் சத்தமே தனி. 1 மி.மீ. தகட்டை இடைவெளியில் செருகிப் பார்த்துப் பற்றவை. செக் ரெயிலுக்கும் அதே தகடு.

நாக்குகளுக்குத்தான் நேரம் பிடிக்கும். ஸ்டாக் ரெயிலைத் தொடும் பக்கத்தை அராவி அராவி நுனியைக் கத்திமுனை போல் மெலிதாக்க வேண்டும். உலோகம் வளையாமல் ஒரு மரக்கட்டையில் அழுத்தி வைத்து, ஒரே திசையில் அராவு. நுனியில் விரல் வைத்துத் தடவினால் ஸ்டாக் ரெயிலிலிருந்து நாக்குக்கு மாறுவது கையில் தட்டக் கூடாது. பற்றவைக்கும்போது அமிலம் கலந்த ஃபிளக்ஸ் பயன்படுத்தினால், வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிடு. விட்டுவைத்தால் அது உலோகத்தை அரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த வேலையெல்லாம்.

இரண்டு நாக்குகளையும் இணைக்கும் பட்டிக்கு ஸ்ட்ரெச்சர் பார் என்று பெயர். மாதிரியில் அது ஒரு செப்புக் கட்டைத் துண்டு, அவ்வளவுதான். நிஜத்தில் அது எவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கிறது என்பதைத் தெரிந்துகொள். 2002 மே 10 அன்று லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பாரில் ஸ்ட்ரெச்சர் பாரின் நட்டுகள் கழன்று போயிருந்த பாயிண்ட்ஸில் ரயில் தடம் புரண்டு 7 பேர் இறந்தார்கள். 2007 பிப்ரவரி 23 அன்று கிரேரிக் என்ற இடத்தில் மறுபடியும் ஸ்ட்ரெச்சர் பார்கள் பழுதான பாயிண்ட்ஸில் விபத்து, ஒருவர் இறந்தார். நாக்குகளுக்கு இடையிலான தூரத்தைக் காப்பதுதான் அந்தப் பட்டியின் முக்கிய வேலை. மாதிரியில் உயிர் போகாது என்றாலும் விதி மாறவில்லை. திறந்திருக்கும் நாக்கைச் சக்கரத்தின் முதுகு தொடவே கூடாது. தொட்டால் நாக்கு நகரும். அதோடு எதிர் முனை மின்சாரம் சந்தித்து ஷார்ட் ஆகிவிடும். பட்டியின் செப்பையும் நடுவில் கீற மறக்காதே.

மின்சாரத்தில் இன்னும் ஒன்றே ஒன்று. மூக்கு உலோகம் என்பதால், பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப அதன் மின்முனை மாற வேண்டும். மூக்குக்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தில் மெல்லிய வெட்டு விட்டு, நாக்கை நகர்த்தும் மோட்டாரோடு சேர்ந்த மாற்று ஸ்விட்ச் வழியாக அதற்குத் தனிக் கம்பி கொடு.

கடைசியாக உன் ஆசை. நம் ஊர் அகலப் பாதையைக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குக் கையால் கட்டுவதே நேர்வழி. நம் அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், 4 மி.மீ. கணக்கில் பின்னமே இல்லாமல் 22 மி.மீ. வருகிறது. இந்திய ரயில்வேயில் பரவலாகப் போடும் பாயிண்ட்ஸ் 1க்கு 12, 1க்கு 8½. மூக்குக்கு எதிரே செக் ரெயில் இடைவெளி நிஜத்தில் 44 முதல் 48 மி.மீ. இவற்றை நடைமேடையின் கோடியிலோ நடைபாலத்திலோ நின்று பார்த்துக்கொள், தண்டவாளத்தில் இறங்காதே.

22 மி.மீ. கேஜை உள்ளூர் லேத் பட்டறையிலேயே பித்தளையில் கடைந்து வாங்கலாம். ஈ.எம். சக்கரத்தையே வைத்துக்கொண்டு, அதே கழித்தலைச் செய்து எண்களை எழுதியிருக்கிறேன்: பாதை அகலம் 22.0, சக்கர முதுகுகளுக்கு இடையே 20.3, செக் ரெயில் முகத்திலிருந்து மூக்கு வரை 21.0, செக் ரெயிலிலிருந்து சிறகு வரை 20.0. இடைவெளித் தகடு அதே 1 மி.மீ. இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, கடைந்த பிறகு பட்டறைக்காரரையே டிஜிட்டல் வெர்னியரில் உன் முன்னால் அளந்து காட்டச் சொல்.

அன்புடன்,
மாமா