ஹைபிரிட் கார்: சொன்ன மைலேஜ் கிடைக்காவிட்டால் வழக்கு நிற்குமா?

கேள்வி: ஒரே மாடல் ஸ்ட்ராங் ஹைபிரிட் காரில் ஒருவருக்கு லிட்டருக்கு 25 கிலோமீட்டரும், இன்னொருவருக்கு 18 கிலோமீட்டரும் கிடைக்கின்றன. விளம்பரத்தில் 28 என்று இருந்தது. குறைவாகக் கிடைப்பவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? – வாசகர், கோவை

பதில்: போகலாம். ஆனால் மைலேஜ் குறைந்தது என்பது மட்டுமே வழக்கை வென்று தராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதில் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது: காரில் குறைபாடு இருக்கிறதா, விற்றவர் சொன்ன சொல் வாங்கியவரை ஏமாற்றியதா. இரண்டுக்கும் விடை காண, 28 என்ற எண் எப்படிப் பிறந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

இந்தியாவில் கார்களின் மைலேஜை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்து சான்று தருகின்றன. கார் சாலையில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் நிறுத்தப்பட்டு அதன் சக்கரங்கள் சுழல்கின்றன. சோதனை 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் குறைவு. அதிகபட்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி ஓடாது, மேடு பள்ளமும் எதிர்காற்றும் மழையும் கிடையாது. வெவ்வேறு கார்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எண் இது. தினசரி ஓட்டத்துக்கான உத்தரவாதமாக இதை யாரும் வடிவமைக்கவில்லை. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் மத்திய மோட்டார் வாகன விதி 115-ன் கீழ் சான்றளிக்கப்பட்டது என்று அச்சிடப்படுவது இதனால்தான்.

சாதாரண பெட்ரோல் கார்களும் இதே சோதனைக்குத்தான் உட்படுகின்றன. ஆனாலும் ஹைபிரிட் கார்களில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்த்து, மெதுவான ஓட்டத்தில் அதைச் செலவிட்டு இன்ஜினுக்கு ஓய்வு கொடுப்பதில்தான் ஹைபிரிட்டின் சிக்கனம் இருக்கிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் நகர ஓட்டம் அதற்கு உகந்தது. நான்குவழிச் சாலையில் 110-இல் விரட்டினால் பிரேக்குக்கு வேலையில்லை, திரும்பக் கிடைக்கும் ஆற்றலும் இல்லை. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காலையில் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, மாலையில் இரண்டு கிலோமீட்டர் திரும்புபவருக்கும் மைலேஜ் அடிபடும். இன்ஜினும் வினையூக்கி மாற்றியும் சூடேறவே எரிபொருள் போய்விடும். திடீரென்று அழுத்திப் பிரேக் பிடித்தால் உராய்வு பிரேக் பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும். முன்கூட்டியே காலைத் தளர்த்தி மெல்லப் பிடிப்பவருக்கே பேட்டரி நிறையும். எத்தனால் கலப்பும் ஒரு காரணம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஏசி, 100 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கூடுதலாகக் குடிப்பதாக வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் காருக்கு 100 கிலோமீட்டருக்கு 7.14 லிட்டர் தேவை. அரை லிட்டர் கூடினால் மைலேஜ் 13.1 ஆகும். 28 தரும் ஹைபிரிட்டுக்குத் தேவை 3.57 லிட்டர்தான், அதே அரை லிட்டர் கூடினால் மைலேஜ் 24.6-க்கு இறங்கிவிடும். வீணான எரிபொருள் இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒன்றில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை, மற்றதில் மூன்றரை கிலோமீட்டர் காணாமல் போகிறது. சிக்கனமான காரில் சின்னச் சின்னச் செலவும் பெரிய எண்ணாகக் கண்ணில் படும். வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இவை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவார். புகார்தாரரின் வேலை, இவற்றைக் கழித்த பிறகும் மிஞ்சும் குறையைக் காட்டுவது.

சட்டப்படி முதல் பிடி பிரிவு 2(10). சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில் குறைவது மட்டுமல்ல, விற்பவர் எந்த வகையிலாவது உரிமைகோரிய தரத்தில் குறைவதும் பொருளின் குறைபாடுதான். இரண்டாவது, பிரிவு 2(28). பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பது, பொய்யான உத்தரவாதம் தருவது, முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பது ஆகியவை தவறாக வழிநடத்தும் விளம்பரம். பொடி எழுத்துக் குறிப்பு நிறுவனத்தை எப்போதும் காப்பாற்றிவிடாது. பெரிய எழுத்தில் சொன்னதைச் சிறிய எழுத்தில் மறுக்கக் கூடாது என்று 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. அதே சமயம், ‘சோதனை நிலையில் 28’ என்பதும் ‘உங்களுக்கு 28 கிடைக்கும்’ என்பதும் வேறு வேறு. இரண்டாவதை ஷோரூம் விற்பனையாளர் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதியிருந்தால் வழக்கின் வலு பல மடங்கு கூடும்.

கேரளத்தின் திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022 நவம்பரில் அளித்த தீர்ப்பு இங்கே மிகவும் பயன்படும். அந்தக் கார் ஹைபிரிட் அல்ல. 2014-இல் வாங்கிய ஃபோர்டு டீசல் கார். லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று சொல்லி விற்கப்பட்டது. ஆணையம் அமர்த்திய நிபுணர் காரை ஓட்டி அளந்தபோது கிடைத்தது 19.6. ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. வாங்கியவருக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பீடும், 10,000 ரூபாய் வழக்குச் செலவும் தர உத்தரவானது. வழக்கைத் தாங்கியது அந்த நிபுணர் அறிக்கைதான்.

அமெரிக்காவில் ஹைபிரிட் கார்களே நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. கேலனுக்கு 50 மைல் வரை, அதாவது லிட்டருக்கு சுமார் 21 கிலோமீட்டர், என்று விளம்பரமான ஹோண்டா சிவிக் ஹைபிரிட் பற்றி ஒரு பெண்மணி கலிஃபோர்னியாவின் சிறுதொகை நீதிமன்றத்தில் வழக்காடி, 2012 பிப்ரவரியில் 9,867 டாலர் பெற்றார். அதே ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. மைலேஜ் லேபிளில் உள்ள எண் உத்தரவாதம் ஆகாது என்று அந்த நாட்டுக் கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. ஆனால் எண்ணே தவறாக இருந்தபோது விளைவு வேறாக அமைந்தது. ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைபிரிட்டுக்குத் தனியாகச் சோதனை செய்யாமல், ஃப்யூஷன் ஹைபிரிட்டின் 47 மைல் என்ற எண்ணே கொடுக்கப்பட்டிருந்தது. இன்ஜின் ஒன்று, உடல் வடிவம் வேறு. 2013 ஆகஸ்டில் நிறுவனம் அந்த எண்ணை 43 ஆகக் குறைத்து, வாங்கியவர்களுக்கு ஆளுக்கு 550 டாலர் கொடுத்தது. ஓட்டுநர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் மட்டுமே காசு பெற்றுத் தராது; அறிவித்த எண்ணிலோ காரிலோ பிழை இருப்பதைக் காட்ட வேண்டும்.

ஆகவே ஆதாரம் சேர்ப்பதே முதல் வேலை. டேஷ்போர்டு திரை காட்டும் சராசரியை மட்டும் நம்பி வழக்குப் போடக் கூடாது. ஒரே பங்கில், ஒரே பம்பில் டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். இதைப் பல முறை செய்து, ஒவ்வொரு முறையும் பில்லை வைத்துக்கொள்ள வேண்டும். டயரில் நிறுவனம் சொன்ன காற்றழுத்தம் இருந்ததற்கான பதிவும் தேவை. சர்வீஸ் சென்டரில் ‘மைலேஜ் குறைவு’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். வாய்மொழிப் புகார் பின்னால் நிற்காது. ஹைபிரிட் பேட்டரியின் நிலை குறித்த அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். பேட்டரிக்குக் குளிர்காற்று போகும் துளையில் தூசி அடைத்தாலே அதன் வேலை குறைந்து மைலேஜ் விழும். அது பராமரிப்புக் கோளாறு. பேட்டரியே பழுதென்றால் அது வாரண்டிக்குள் வரும் விஷயம். வழக்கே தேவைப்படாமல் போகலாம். காரில் இருப்பது உண்மையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்தானா என்பதையும் ஆவணத்தில் சரிபார்க்க வேண்டும். மைல்டு ஹைபிரிட் மின்சாரத்தில் மட்டும் ஓடாது. அதனிடம் 28 எதிர்பார்ப்பதற்கில்லை.

புகார் தாக்கலானதும் பிரிவு 38-ன் கீழ் காரை உரிய ஆய்வுக்கூடச் சோதனைக்கு அனுப்பக் கோர வேண்டும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முன்பணமாகக் கட்ட நேரலாம். இழப்பையும் கணக்காகக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 28-க்குப் பதில் 18 கிடைத்தால், கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 298 லிட்டர்.

காரின் விலை 50 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மாவட்ட ஆணையமே போதும். வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கோவைக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். விலை 10 முதல் 20 லட்சம் வரை என்றால் கட்டணம் 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்ப்பதும் நல்லது. வாடகைக்கு ஓட்டும் கார் என்றால், சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவராக இருந்தால்தான் அவர் இந்தச் சட்டப்படி நுகர்வோர். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். சர்வீஸ் சென்டருடன் நடக்கும் கடிதப் போக்குவரத்து அந்தக் கெடுவைத் தானாக நீட்டிக்காது.