பூங்கா இருக்கையில் உறங்குபவர்

அதிகாலையில் மெதுவோட்டம் ஓடச் செல்பவர்கள் சில வேளைகளில் இதைக் காண்பார்கள்: பூங்கா இருக்கையில் ஒருவர் பையைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருப்பார். குடியிருப்பாளர்கள் கவலைப்படுவது இயல்பே. பிள்ளைகள் விளையாடும் இடம் தூய்மையாக இருக்குமா, இரவில் தனியே நடந்து வருவோருக்குப் பாதுகாப்பு உண்டா என்று அவர்கள் கேட்கிறார்கள். சிங்கப்பூர்ப் பூங்காக்களில் கூடாரம் அமைக்கவும் அனுமதி பெற வேண்டும்.

ஆனால், உறங்குபவர் யார்? 2022ஆம் ஆண்டு ஓரிரவில் தீவு முழுவதும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், பொது இடங்களில் உறங்கிய 530 பேர் காணப்பட்டனர். இவ்வாறு உறங்குவோரில் பகலில் துப்புரவு வேலைக்கும் பாதுகாவல் வேலைக்கும் செல்பவர்கள் உண்டு. வேலை இருந்தும் வீடில்லையா என நீங்கள் வியக்கலாம். சிலருக்கு வீடும் இருக்கிறது! குடும்பத் தகராற்றால் அங்குத் திரும்ப மனம் வருவதில்லை.

சில பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் இத்தகையோர் இரவில் தங்க இடம் தருகின்றன. தொண்டூழியர்கள் இரவில் தேடிச் சென்று பேசுகிறார்கள். அழைத்தவுடன் எல்லாரும் எழுந்து வந்துவிடுவதில்லை. பெயரைச் சொல்லவே தயங்குபவரிடம் மீண்டும் மீண்டும் சென்று நலம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. எனவே, சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுக்குத் தகவல் தரும் குடியிருப்பாளர், “அவரை அகற்றுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், அவர் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு உறங்க வருகிறார் என்பதையும் சொன்னால், உதவ வருபவர் அவரை எளிதில் சந்திக்கலாம்.