ஆதார் பார்த்தால் போதுமா?

"பதினாலு முடிஞ்சிருச்சுங்க, ஆதார் இருக்குதுங்க." பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் கேட்கிற பேச்சு இது. சூப்பர்வைசர் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டுப் பையனைக் கைமடி வேலைக்கு அனுப்புகிறார். சட்டப்படிதான் நடக்கிறோம் என்று இருவரும் நம்புகிறார்கள்.

பாதிதான் சரி. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபின், 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழிலில் சேர்க்கக்கூடாது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். தெரியாதது இந்த 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கான நேரக்கணக்கு. 3 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான். ஓவர்டைம் கிடையாது, இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே கிடையாது. எட்டரைக்கு உள்ளே வந்த பையன் இரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊர் இது. ஒன்றரையை விடுங்கள், ஒரு ஷிப்டே அவனுக்கு அதிகம்.

அடுத்த சாக்கு, "வேலை இல்லைங்க, டிரெய்னிங்." 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 14 நிரம்பியவரை அனுமதிக்கிறது, ஆபத்தான தொழில் என்றால் 18. ஆனால் அதற்குப் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும், உதவித்தொகை வேண்டும், 18 ஆகாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். பிசிறு வெட்டப் பழகுவதற்கு எத்தனை மாதம் ஆகும்? மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்றார்கள். அதிலும் பல இடங்களில் அவர்களுக்கு வைத்த பெயர் 'பயிற்சியாளர்'தான்.

2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டனவே, பழையது போச்சு என்கிறார்கள். போகவில்லை. மேலே சொன்ன இரண்டு சட்டங்களும் அந்தத் தொகுப்புகளில் சேரவில்லை.

கடைசியாக, "நம்ம வீட்டு வேலைதானுங்க." குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக, 14 நிரம்பாத பிள்ளையும் உதவலாம். அதற்கும் 2017 விதிகளில் அளவு உண்டு: நாளுக்கு 3 மணி நேரம், அதுவும் இரவு 7-க்குள். பள்ளி விட்டு வந்தபின் ஏழு மணிக்குள் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வீட்டுப்பாடமும் இருக்கிறது.